கையில் நின்ற வால்

ஆற்றின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த சனிக்கிழமையே தூண்டிலும் கையுமாகப் போய் நிற்கக்கூடியவர்கள் சிலரை எனக்குத் தெரியும். ஹம்பேர்க்கிலிருந்து ரயிலும் பஸ்ஸும் எடுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் போய்ச் சேரலாம், கடைசியில் எல்பே நதியில் போய் விழுகிற ஆறு என்பது மட்டும் போதும். அதன் கரையில் பதினாறு வருஷம் வேலை செய்தேன். மீன் பிடிக்கிற வேலை அல்ல. மீன் பிடிக்க வருகிற பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு போய், மீன் எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்டுகிற வேலை. இப்படியும் ஒரு உத்தியோகமா என்று நம்மவர்கள் சிரிப்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

இதை எழுதவைத்தவள் ஷாகிரா. காயல்பட்டினத்துப் பிள்ளை. ஹம்பேர்க்கில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். ஹம்பேர்க் பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள நம்மவர் கடையில், உறைபெட்டிக்குள் கிடந்த ஒரு மீனைத் தூக்கிவைத்துக்கொண்டு, "அங்கிள், இது நல்லா இருக்குமா?" என்று என்னிடம் கேட்டாள்.

"கண்ணைப் பாருங்கோ பிள்ளை. அது எனக்கு முதல் பென்ஷன் எடுத்திட்டுது" என்றேன்.

அப்படிப் பழக்கம். வடஜெர்மனி ஆறுகளில் முந்திய காலத்தில் என்னென்ன மீன் இருந்தது என்று பட்டியல் போடுவதுதான் அவளுடைய வேலை என்று தெரிந்ததும், வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தாள். என் மனைவி மேரி தேத்தண்ணியும் பற்றிஸும் வைத்தாள். ஷாகிரா மடிக்கணினியைத் திறந்து, "உங்க ஆத்துல எழுபதுகள்ல சால்மனே கிடையாது அங்கிள். எல்லா வருஷமும் ஜீரோ" என்றாள்.

"ஒரு வருஷம் ஒண்டு இருந்தது."

"ப்ரூஃப் ஏதாவது இருக்கா அங்கிள்? போட்டோ?"

"இல்லை. நான்தான் திருப்பி விட்டிட்டன்."

அந்தப் பிள்ளை மரியாதையாகச் சிரித்தது. வயது போனவர்கள் ஏதாவது சொன்னால் சிரிக்கிற சிரிப்பு. எனக்குச் சுருக்கென்றது. மேரிதான் குறுக்கே விழுந்தாள். "அதை ஒருக்கா எழுதிக் குடுங்கோவன். எனக்குச் சொல்லிச் சொல்லி என்ர காது புளிச்சுப் போச்சு."

ஆகவே எழுதுகிறேன்.

ஜெர்மனிக்கு வரவேண்டும் என்று திட்டம் போட்டு வந்தவன் அல்லன் நான். கப்பலில் குசினி உதவியாளாக இருந்தேன். அறுபதுகளின் நடுவில் ஹம்பேர்க் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது குடல்வால் வீங்கி என்னை ஆஸ்பத்திரியில் கிடத்தினார்கள். நான் எழும்பி நடக்கத் தொடங்கிய நேரம் கப்பல் நடுக்கடலில் நின்றது. என்னைப் பார்த்துக்கொண்ட தாதியின் அக்கா குடும்பம் ஆற்றங்கரையில் ஒரு விடுதி வைத்திருந்தது. அங்கே கோப்பை கழுவ ஆள் தேவைப்பட்டது. அந்தோனிப்பிள்ளை என்ற என் பெயரின் பின்பாதியை முதல் நாளே வெட்டி எறிந்துவிட்டு 'டோனி' என்றார்கள். அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கத் தொடங்கினேன். குளிராமல் இருந்தது, சாப்பாடு கிடைத்தது.

அந்த விடுதிக்கு வருகிறவர்கள் எல்லாரும் மீன்பிடிக்க வருகிறவர்கள். ஆற்றைக் குத்தகைக்கு எடுத்திருந்த சங்கத்தின் ஆட்களும் அவர்களுடைய விருந்தாளிகளும். ஆற்றையும் அதிலுள்ள மீனையும் காவல் காக்கிறவரை பிஷ்மைஸ்டர் என்பார்கள். எங்கள் பிஷ்மைஸ்டர் பெயர் ஹின்றிக்ஸ். அப்போதே அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். நெடுவல் ஆள். வாயில் எப்போதும் ஒரு பைப் இருக்கும். அது பற்றி எரிந்து நான் கண்டதில்லை. ஒரு நாளைக்கு இத்தனை சொல்தான் என்று யாரோ அளந்து கொடுத்ததுபோல் பேசுவார்.

ஒருநாள் குசினிக்குள் வந்து நின்று, "நீ எந்த ஊர்?" என்றார். இலங்கை, கடற்கரைப் பக்கம் என்றேன். "அப்போ உனக்கு மீன் தெரியும்" என்றார். நான் தலையாட்டிவிட்டேன். உண்மையில் என் அப்பர் சைக்கிள் திருத்துகிறவர். எனக்கு மீன் சாப்பிடத் தெரியும், முள் எடுக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் கோப்பை கழுவி என் நகக்கண் எல்லாம் வெடித்திருந்தது. அந்த நேரம் யானை பழக்கத் தெரியுமா என்று கேட்டிருந்தாலும் தெரியும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த நாளே பொய் வெளித்துவிட்டது. ஒரு மீனைக் கையில் தந்தார். அது ஒரே துள்ளலில் ஆற்றுக்குள் போய்விட்டது. "நீ உயிருள்ள மீனைத் தொட்டதே இல்லை" என்றார். பயத்தில் எனக்கு ஜெர்மன் எல்லாம் மறந்து, "ஓம்" என்றேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். 'யா' என்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம் என்றேன். பைப்பை ஒரு கடைவாயிலிருந்து மற்றக் கடைவாய்க்கு மாற்றினார். "நல்லது. மறக்கவேண்டிய பழக்கம் ஒன்றும் உன்னிடம் இல்லை" என்று சொல்லி, என் காலைவிட இரண்டு அளவு பெரிய றப்பர் நீள்சப்பாத்துச் சோடி ஒன்றை எறிந்தார். அன்றைக்கு விட்டது கோப்பை கழுவுகிற வேலை.

எங்கள் ஆற்று மீனை மேர்ஃபோரெல்லே, சுருக்கமாகப் போரெல்லே என்பார்கள். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய்க் கொழுத்து, முட்டைவிட ஆற்றுக்குத் திரும்பி வருகிற மீன். சால்மனுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். சால்மனை ஜெர்மன்காரர் லக்ஸ் என்பார்கள். அந்த லக்ஸும் ஒரு காலத்தில் எங்கள் ஆற்றில் இருந்ததாம். ஆலைகளுக்கு அணை கட்டியும் அழுக்கைத் திறந்துவிட்டும் அதை இல்லாமல் பண்ணிவிட்டார்கள். விடுதிச் சுவரில் மரத்தில் செய்த ஒரு லக்ஸ் தொங்கியது. நான் வந்து நெடுங்காலம் அது அலங்காரம் என்று நினைத்தேன். ஹின்றிக்ஸ் மட்டும் அதைக் கடந்து போகும்போது ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்.

வேலை சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கும். முதல் வேலை விருந்தாளியின் அனுமதிக் கடதாசியைப் பார்ப்பது. பத்து வருஷமாக வருகிறவராக இருந்தாலும் ஹின்றிக்ஸ் அதை முன்பக்கமும் பின்பக்கமும் திருப்பிப் பார்ப்பார். பிறகு நான் பத்து அடி முன்னால் நடக்கவேண்டும். குதிக்கால் நிலத்தில் இடிக்கக் கூடாது, கரையில் நடக்கிற அதிர்ச்சி மீனுக்குக் கேட்கும். நிழல் தண்ணீரில் விழக் கூடாது. ஆற்றின் அகலம் ஒரு பஸ்ஸின் நீளம்தான். தண்ணீர் கடும் தேத்தண்ணி நிறம். மீனைக் கண்ணால் காண ஏலாது. மர வேருக்குக் கீழே எங்கே தண்ணீர் தயங்குகிறதோ அங்கே நிற்கும். அந்த இடத்தை விரலால் காட்டக் கூடாது, நாடியை நீட்டிக் காட்டவேண்டும். கை வீசினால் மீன் ஓடிவிடும் என்பார். விருந்தாளி மீனைப் பிடித்துவிட்டால் நான் 'பெட்ரி ஹைல்' என்று வாழ்த்தவேண்டும், அவர் 'பெட்ரி டாங்' என்று நன்றி சொல்லவேண்டும். பெட்ரி யார் என்று விசாரித்தபோது எனக்குப் பெரிய சந்தோஷம். நம்முடைய இராயப்பர்தான், மீன்பிடிகாரராக இருந்த புனித பேதுரு. ஊரில் கோயில் பீடத்தில் கையில் மோட்சத்துத் திறப்போடு நிற்கிறவர் இங்கே தண்ணீருக்குள் நிற்கிறார்.

அதற்குப் பிறகு வருவதுதான் முக்கியம். வலையில் ஏறிய ஒவ்வொரு மீனையும், கையை நன்றாக நனைத்துக்கொண்டு, வால் செட்டை விரிகிற இடத்துக்குச் சற்று மேலே, அந்த ஒடுங்கிய இடத்தில் பிடித்துத் தூக்கிப் பார்க்கவேண்டும். ஹின்றிக்ஸ் கேட்பார்: "ஹெல்ட்?" பிடி நிற்கிறதா என்று அர்த்தம். மீன் வழுக்கும். "ஹெல்ட் நிஹ்ட்" என்பேன். நிற்கவில்லை. "நா யா" என்பார். சரி, போகட்டும் என்பதுபோல. ஒரு மீன் இரண்டு மீன் அல்ல, நூற்றுக்கணக்கான மீன். மழையில், ஆலங்கட்டியில், விருந்தாளி படம் எடுக்க நிற்கும்போது, எந்த நேரமும் இந்தப் பூசை நடக்கும். மனுஷனுக்கு ஏதோ கிறுக்கு என்று நினைத்தேன். மூன்றாம் வருஷம் துணிந்து கேட்டுவிட்டேன்.

"லக்ஸின் வாலில் எலும்பு விறைப்பு" என்றார். "கைப்பிடிபோல் நிற்கும். போரெல்லே வழுக்கிவிடும். புள்ளியும் நிறமும் உன்னை ஏமாற்றும். கை ஏமாறாது."

"கடைசியாக எப்போது நின்றது?"

அவர் தன்னுடைய வலது கையைப் பார்த்தார். "யுத்தத்துக்கு முன்" என்றார். அதற்கு மேல் அன்றைய சொற்கள் முடிந்துவிட்டன.

இளவேனிலில் இன்னொரு சங்கடம் இருந்தது. அந்தக் காலத்தில் ஆற்றில் இரண்டு விதமான மீன் இருக்கும். ஒன்று கடலிலிருந்து புதிதாக ஏறி வருகிறது. உருண்டு திரண்டு இருக்கும். மற்றது மாரியில் முட்டைவிட்டு, சாப்பாடில்லாமல் குளிர்காலம் முழுக்க ஆற்றில் கிடந்து, திரும்பக் கடலுக்கு இறங்குகிறது. இறங்குகிற மீனும் அந்த நேரம் திரும்ப வெள்ளிபோல் மினுங்கத் தொடங்கிவிடும். விருந்தாளிகள் அதைப் பார்த்து மயங்குவார்கள். ஆனால் வயிற்றைப் பார்த்தால் உள்ளே ஒட்டியிருக்கும், செட்டை தேய்ந்திருக்கும், பூவை, அதாவது செவுளைத் திறந்தால் உள்ளே வெள்ளைப் பூச்சி இருக்கும். பிள்ளை பெற்று எழும்பிய உடம்பு. அதைக் கொல்லக் கூடாது என்பது ஹின்றிக்ஸின் சட்டம். கொல்லக் கூடாத காலத்துக்கு ஜெர்மனில் ஒரு சொல் இருக்கிறது, 'ஷோன்சைட்'. அந்தச் சொல்லால்தான் நான் ஊர் சிரிக்க நின்றேன்.

நடந்தது இதுதான். விடுதியில் பரிமாறுகிற கிஸெலா என்ற பெண் திடீரென்று வேலைக்கு வராமல் விட்டாள். எங்கே என்று கேட்டேன். "முட்டர்ஷுட்ஸ்" என்றாள் முதலாளியம்மா. ஷுட்ஸ் என்றால் பாதுகாப்பு என்று எனக்குத் தெரியும். ஆற்றங்கரைப் பலகைகளில் எழுதியிருக்கும். முன்பாதி என் காதில் 'முட்டை' என்றே விழுந்தது. விடுதிக்குப் பின்னால் கோழிகள் இருந்தன. கிஸெலாவை முட்டைக் காவலுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று இரண்டு கிழமை நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டர் என்றால் தாய், பிள்ளைப்பேற்றுக்கு முன்னும் பின்னும் வேலை செய்யவிடாமல் காக்கிற சட்டம் அது என்று பிறகு விளங்கியது. ஆனால் காதில் விழுந்தது விழுந்ததுதான். முட்டை விட்ட மீனை வலையில் கண்டால் என் வாயில் 'ஷோன்சைட்' வராது, 'முட்டர்ஷுட்ஸ்' என்றுதான் வரும். விருந்தாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஹின்றிக்ஸ் சிரிக்கமாட்டார். "ஷோன்சைட், டோனி" என்று ஒவ்வொரு தடவையும் திருத்துவார். சொல்லில் அவருக்கு அவ்வளவு கண்டிப்பு. நானும் ஒவ்வொரு தடவையும் தவறாகவே சொல்வேன். கொஞ்ச நாளில் எனக்கே தெரியவில்லை, மறதியில் சொல்கிறேனா வீம்பில் சொல்கிறேனா என்று.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். எழுபதுகளின் நடுப்பகுதி. வெளிநாட்டவரை வேலைக்கு எடுப்பதை அரசாங்கம் நிறுத்தி, இருக்கிறவர்களின் கடதாசிகளையும் உருட்டிப் புரட்டிப் பார்க்கத் தொடங்கிய காலம். நான் அதற்கு முந்திய வருஷம் ஊருக்குப் போய் மேரியைக் கலியாணம் கட்டி, அவளை அங்கே விட்டுவிட்டு வந்திருந்தேன். அவளைக் கூப்பிட அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் போட்டாயிற்று. மே மாதத்தில் வெளிநாட்டவர் கந்தோருக்கு வரச்சொல்லி டெர்மின் தந்திருந்தார்கள். அதற்கு, இன்னும் இத்தனை வருஷம் இந்த ஆளுக்கு வேலை இருக்கிறது என்று சங்கத் தலைவரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் வேண்டும். கடிதம் இல்லையென்றால் மேரி இல்லை, என் வீசாவும் சந்தேகம். மேரியின் கடிதம் ஒவ்வொன்றும் ஒரே வரியில் முடியும்: "எப்ப கூப்பிடுவியள்? ஆக்கள் கேக்கத் தொடங்கீட்டினம்."

சங்கத் தலைவரை எல்லாரும் ஹெர் டிரெக்டர் என்போம். ஹம்பேர்க்கில் பெரிய கொம்பனி நடத்துகிறவர். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எனக்கு ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் கம்பளிக் காலுறை கொண்டுவந்து தருவார். ஒன்பது இளவேனில் எங்கள் ஆற்றில் நின்றும் பெரிய மீன் ஒன்று அவருக்கு வாய்க்கவில்லை. அதில் அவருக்கு மனக்குறை. வீட்டில் கணப்பு அடுப்புக்கு மேலே சுவரில் ஓர் இடம் வெறுமையாக விட்டிருப்பதாக அவரே சொல்லியிருக்கிறார்.

மார்ச் கடைசிச் சனிக்கிழமை. பனியும் மழையும் கலந்து பெய்தது. ஹின்றிக்ஸ் முதுகை நிமிர்த்த ஏலாத நாரிப்பிடிப்பில் விழுந்து, விடுதியின் பின்னறையில் பலகையில் படுத்திருந்தார். டிரெக்டரோடு நான் மட்டும் போனேன். பழைய மாவாலை அணைக்குக் கீழே உள்ள ஆழமான நீர்க்கிடங்கில் அவருடைய தூண்டில் நின்றது. முதலில் அடியில் சிக்கியது என்று நினைத்தோம். பிறகு அந்த அடி நகரத் தொடங்கியது.

இருபது நிமிஷத்துக்குக் குறையாது. நான் இடுப்பளவு தண்ணீரில் வலையோடு நின்றேன். கடைசியில் அது பக்கவாட்டில் சரிந்து வந்தபோது வலை போதவில்லை. பாதி உடம்பு வெளியே. ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். வெள்ளியாக மினுங்கியது. டிரெக்டர் கரையில் முழங்காலில் நின்றார். அந்தப் பெரிய மனிதரின் கண்ணில் தண்ணீர்.

"பெட்ரி ஹைல்" என்றேன்.

"பெட்ரி டாங், டோனி, பெட்ரி டாங்" என்றார். 

நான் மீனைத் தண்ணீருக்குள் வைத்தபடியே பார்த்தேன். வயிறு ஒட்டிக் கிடந்தது. கீழ்ச் செட்டை தும்பு தும்பாகத் தேய்ந்திருந்தது. பூவுக்குள் வெள்ளைப் பூச்சி. பிள்ளை பெற்ற உடம்பு. இதை இந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சொல்லுமுன், பழக்கதோஷத்தில், வாலைப் பிடித்துத் தூக்கினேன்.

நின்றது.

விட்டுவிட்டுத் திரும்பவும் பிடித்தேன். நின்றது. அகப்பைக் காம்பைப் பிடித்ததுபோல் கைக்குள் நின்றது. மூன்றாம் முறையும் பிடித்தேன். வாயைப் பார்த்தேன், போரெல்லேயின் வாய் கண்ணைத் தாண்டிப் போகும், இதன் வாய் கண்ணோடு முடிந்தது. பக்கத்தில் கேட்க ஆள் இல்லை. ஹெல்ட் என்று சொல்ல வாய் வந்தது, கேட்க ஹின்றிக்ஸ் இல்லை.

"லக்ஸ்" என்றேன்.

டிரெக்டருக்கு விளங்க ஒரு நிமிஷம் எடுத்தது. விளங்கியதும் எழும்பிவிட்டார். யுத்தத்துக்குப் பிறகு இந்த ஆற்றில் முதல் லக்ஸ், அதுவும் தன்னுடைய தூண்டிலில். மீனைக் கொல்கிற சிறு தடியை இடுப்பிலிருந்து எடுத்தார்.

"இல்லை" என்றேன். "முட்டர்ஷுட்ஸ்."

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். எனக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னேன்: இது பெண். பிள்ளை பெற்றுவிட்டது. இந்த ஆற்றில் பெற்றிருக்கிறது. வீட்டுக்குப் போகிறது. கொல்லக் கூடாது. அவர் தடியைத் தாழ்த்தினார். அதற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்வேன். "சரி. ஆனால் போட்டோ எடுக்காமல் விடமாட்டேன். காரில் கமரா இருக்கிறது. பிடித்துக்கொண்டு நில். கிழவரையும் தூக்கிக்கொண்டு வருவோம், அவரும் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டு, இரண்டு புல்வெளி தாண்டி நின்ற காரை நோக்கி ஓடினார்.

நான் மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிரே வைத்து, ஒரு கையால் வயிற்றையும் மற்றக் கையால் வாலையும் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மனதில் ஓடியதை ஒளிக்காமல் எழுதுகிறேன். மேரி வந்தாள், கடிதம் வந்தது, ஹின்றிக்ஸ் வந்தார். மற்ற எல்லாவற்றையும்விட ஹின்றிக்ஸ். அந்த மனுஷன் இதற்காகத்தான் நூற்றுக்கணக்கான 'நா யா' சொன்னவர். பிடித்த மீனை உயிரோடு வைத்திருக்கத் தண்ணீருக்குள் கரையோடு கட்டியிருந்த மரப்பெட்டிக்குள் இதை விட்டால், அவரை எப்படியாவது தூக்கிவந்து காட்டிவிடலாம். ஆனால் பெட்டிக்குள் விட்டால் அது செத்துவிடும் என்பது என் கைக்குத் தெரிந்தது. ஏற்கெனவே இருபது நிமிஷம் இழுபட்ட உடம்பு. பூ மெல்லத் திறந்து மூடியது. பிறகு வேகமாக. பிறகு வாலில் ஓர் உதறல். போக ஆயத்தமாகிவிட்டது. இனிப் பிடித்து வைத்திருந்தால் திரும்பக் களைத்துவிடும். டிரெக்டர் புல்வெளியில் ஒரு பொட்டாகத் தெரிந்தார்.

கையைத் திறந்தேன். அது அவசரப்படாமல் கீழ்நோக்கிப் போனது.

டிரெக்டர் மூச்சு வாங்க, கமராவோடு வந்து நின்றார். என் கை வெறுமையாக இருந்தது. கமராவின் மூடியைத் திரும்பப் போட்டார். பிறகு, நான் நினைக்கிறேன், அவர் எனக்கு ஒரு வழி விட்டுத்தந்தார்.

"கையிலிருந்து வழுக்கிவிட்டதா, டோனி?"

ஓம் என்று சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். மீன் வழுக்குவது யாருக்கும் நடக்கிறதுதான். கடிதம் கிடைக்கும், மேரி வருவாள். பொய் சொல்லாத ஆளும் அல்லன் நான்; ஒரு பொய்யால்தான் இந்த ஆற்றுக்கே வந்தவன். ஆனால் வழுக்கியது என்றால் அது போரெல்லே. லக்ஸ் வழுக்காது. நான் வழுக்கியது என்று சொன்ன அந்த நிமிஷமே அந்த ஆற்றில் லக்ஸ் இல்லை. ஹின்றிக்ஸுக்கு நான் திரும்பவும் ஒரு 'ஹெல்ட் நிஹ்ட்' சொன்னதாக முடியும்.

"வழுக்கவில்லை" என்றேன். "நின்றது. நான் விட்டேன்."

அவருடைய முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. தூண்டிலை மடித்தார். "ஒன்று நீ பொய்யன், அல்லது என்னை மடையனாக்கியவன். இரண்டுக்கும் நான் கையெழுத்துப் போடமுடியாது" என்றார். அதற்குப் பிறகு கார் வரைக்கும் எனக்குப் பத்து அடி முன்னால் அவர் நடந்தார்.

ஹின்றிக்ஸின் அறைக்குள் முதலில் அவர்தான் போனார். சுவர் வழியாகச் சத்தம் கேட்டது, சொல் கேட்கவில்லை. அவர் வெளியே வந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். ஹின்றிக்ஸ் பலகையில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார். வாயில் பைப் இல்லை. அதுவே எனக்கு அந்நியமாக இருந்தது. தலையை மட்டும் திருப்பினார்.

"ஹெல்ட்?"

எனக்கு ஜெர்மன் போய்விட்டது. "ஓம்" என்றேன்.

நீண்ட நேரம் பார்த்தார். பிறகு போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி, மணிக்கட்டைக் காட்டினார். நான் அதைப் பிடித்தேன். எப்படி நின்றதோ அந்த இறுக்கத்தில் பிடித்தேன். மூன்று முறை பிடித்தேன் என்பதையும் விட்டு விட்டுப் பிடித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். 'நா யா' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"போய்ச் சாப்பிடு" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை டிரெக்டர் தனியாக வந்தார், தூண்டில் இல்லாமல். ஹின்றிக்ஸும் அவரும் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் இருந்தார்கள். திங்கட்கிழமை காலை என் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு உறை கிடந்தது. கடிதம். கையெழுத்தோடு. யாரும் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. இலையுதிர்காலத்தில் மேரி வந்து இறங்கினாள். டிரெக்டர் அடுத்த நத்தாருக்கு இரண்டு சோடி காலுறை கொண்டுவந்தார், ஒன்று பெண்களுக்கானது. அதற்கடுத்த இளவேனிலில் அவருடைய தூண்டிலில் ஒட்டிய வயிற்றோடு ஒரு போரெல்லே வந்தபோது, நான் வாய் திறக்குமுன் அவரே "முட்டர்ஷுட்ஸ்" என்று சொல்லி விட்டுவிட்டார். ஹின்றிக்ஸ் பின்னால் நின்று, "ஷோன்சைட்" என்று அவரையும் திருத்தினார்.

நான் அந்த வேலையை விட்டுப் பட்டணத்துக்கு வந்து வேறு வேலை பார்த்தேன். ஹின்றிக்ஸ் எண்பது வயதுக்குக் கிட்ட இருந்து, நித்திரையில் போனார். அந்த ஆற்றில் சாப்பிட்ட சோற்றுக்கும் மேரிக்கும் இந்த வீட்டுக்கும் அவருக்குத்தான் நன்றி சொல்லவேண்டும். ஒவ்வொரு இராயப்பர் திருநாளிலும் சொல்கிறேன். ஆனால் ஒரு முள் மட்டும் தொண்டையில் நின்றது. அவர் என்னை நம்பினாரா? அல்லது, பாவம் இந்தப் பெடியன், பெண்சாதியைக் கூப்பிடவேண்டும் என்று இரங்கி, நம்பியதுபோல் இருந்தாரா? ஒரு படம் இல்லை, ஒரு செதில் இல்லை. வேலைக்கு வந்த அன்றே பொய் சொன்னவன் நான். அவர் மூன்றாம் சொல் பேசாத மனிதர். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு கேட்க ஆள் இல்லை.

இதுவரைக்கும் எழுதி ஷாகிராவிடம் கொடுத்து ஒரு மாதம் இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை அவள் சொல்லாமல் வந்து நின்றாள். சப்பாத்துக் கழற்றவும் பொறுமையில்லை.

"அங்கிள், அந்தச் சங்கத்தோட பழைய மீன் புத்தகம் எல்லாம் ஒரு பரண்ல கிடந்துச்சு. யாரும் கம்ப்யூட்டர்ல ஏத்தவே இல்ல. இதப் பாருங்க" என்று கைப்பேசியை நீட்டினாள்.

அந்தப் புத்தகத்தை எனக்குத் தெரியும். பச்சை மட்டை. ஹின்றிக்ஸைத் தவிர யாரும் அதில் கை வைக்க ஏலாது. பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். விறைத்த சரிவெழுத்து, அவருடையதுதான். மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை. பிடித்தவர்: டிரெக்டரின் பெயர். மீன்: லக்ஸ், பெண். நீளத்துக்கு ஒரு கோடு, நிறைக்கு ஒரு கோடு. கூடப் போனவர்: டோனி. வரியின் முடிவில் டிரெக்டரின் கையெழுத்து. கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் என்ன நடந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சுவரில் மாட்டமுடியாத லக்ஸை ஹின்றிக்ஸ் அவருக்குப் புத்தகத்தில் கொடுத்திருக்கிறார்.

"ஆனா இந்த ரிமார்க்ஸ் எனக்குப் புரியல அங்கிள். திருப்பி விட்ட மீனுக்கெல்லாம் 'ஷோன்சைட்'னு போட்டிருக்கார். இதுக்கு மட்டும் என்னமோ லேபர் லா மாதிரி இருக்கு. உங்க கட்டுரைல வர்ற வார்த்தை தானே?"

குறிப்பு என்ற கட்டத்தில் இரண்டே இரண்டு சொல்.

முட்டர்ஷுட்ஸ். ஹெல்ட்.

மேரி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். நான் என்ன செய்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஷாகிராதான், "அங்கிள், அப்ப ஜீரோவ மாத்திரவா?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஓம் பிள்ளை. ஒண்டு எண்டு போடுங்கோ."

அந்தப் பதிவின் தேதியைத் திரும்பப் பார்த்தேன். தேதி என்றால் எழுதுகிற நாளைத்தான் அவர் போடுவார்; இது டிரெக்டர் வந்த வெள்ளிக்கிழமைத் தேதி அல்ல. அந்தச் சனிக்கிழமையே எழுதியிருக்கிறார். என்னைச் சாப்பிட அனுப்பிவிட்டு, அந்த நாரியோடு எழும்பி இருந்து, மையில் எழுதியிருக்கிறார். கையெழுத்துத்தான் பிறகு வந்திருக்கவேண்டும். அதன் மை வேறு நிறம். அவர் என்னை ஒரு நிமிஷமும் சந்தேகப்படவில்லை. ஐம்பது வருஷமாக அவரைச் சந்தேகப்பட்டவன் நான்தான்.